கூப்பிட்ட குரலுக்கு

காலரைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, "சுண்டு?" என்று குரல் கொடுத்தாள் அவள். "இருக்கேன்மா" என்று பின்னறையிலிருந்து பதில் வந்தது. சரியென்று அடுத்த காலரை ஊசிக்கு அடியில் நுழைத்தாள். இடது காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் கால் நகரவில்லை. அதன்மேல் ஏதோ கனமாக, வெதுவெதுப்பாகக் கிடந்தது. குனிந்து பார்த்தாள். தையல் மேசைக்கு அடியில், வெட்டித் தள்ளிய துணிக் குவியலின்மேல், மகள் அவளுடைய பாதத்தைத் தலையணையாக வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வியர்த்த கன்னத்தில் ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது.

அவள் உடனே நிமிரவில்லை. குனிந்த வாக்கிலேயே, மிஷின் மோட்டாரின் சூடான எண்ணெய் வாசம் முகத்தில் அடிக்க, குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடைக்கு அப்பால் பின்னறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே சன்னலில் தொங்கவிட்டிருந்த ஈரப் போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

அந்த வீட்டில் கோடை வந்தால் புருஷன் பெண்சாதி வேலை தலைகீழாகிவிடும். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பள்ளி மூடினால் அவனுக்கு வேலை இல்லை. அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். பள்ளி மூடினால்தான் அவளுக்கு வேலை. திறப்பதற்குள் சட்டைகளை முடித்துக் கடைக்குக் கொடுத்தாக வேண்டும். அதனால் லீவு முழுக்க சுண்டுவைப் பார்த்துக்கொள்வது அவன் பாடு என்று பேச்சு. சுண்டெலி என்று அவன் வைத்த செல்லப் பெயர் சுருங்கிச் சுண்டு ஆகியிருந்தது. நாலு வயதுக்கு அவள் ரொம்பச் சின்ன உருவம்.

மிஷின் ஓடும்போது அவளுக்கு எதுவும் காதில் விழாது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒரு காலர் முடிந்ததும் மிஷின் நிற்கும், தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தடவை கூப்பிடுவாள். பதில் வந்தால் அடுத்த காலர். எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தால் கை சூடு ஆறிவிடும், தையல் கோணிவிடும். குரல் போதும். குரல் இருக்கும் இடத்தில்தானே பிள்ளை இருக்கும்.

சாயங்காலம் அவன் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். "ஏங்க, மத்தியானம் பின்னறையில யாராவது இருந்தாங்களா?"

"யாரு இருப்பா? இந்த வெயிலுக்கு எலியே மூட்டை கட்டிக்கிட்டுப் போயிடுச்சு."

"சுண்டு என் கால்ல தூங்கிட்டிருந்தா. நான் கூப்பிட்டேன். உள்ளேருந்து இருக்கேன்மான்னு..."

"தூக்கத்துல பேசியிருப்பா."

"உள்ளேருந்துங்க."

"நாள் பூரா மிஷின்கிட்டயே உக்காந்திருந்தா காதுக்குள்ளயும் ஒரு மிஷின் ஓடும். இரு, ரெண்டு சொட்டு எண்ணெய் விடறேன், நல்லாத் தைக்கும்." அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கையிலிருந்த துண்டை ஏற்கெனவே மடித்து முடித்திருந்தான். அதைப் பிரித்து மறுபடி மடித்தான்.

மறுநாளிலிருந்து அவள் பதிலைக் கவனிக்கத் தொடங்கினாள். அதுவரை பதில் வந்ததா என்று மட்டும் பார்த்தவள், இப்போது அதன் உள்ளே காதை வைத்தாள். கோடை தொடங்கியபோது சுண்டு ஒரு பதிலை ஒழுங்காகச் சொன்னதில்லை. "என்னாஆ" என்பாள். "சும்மா சும்மா கூப்பிடாதே" என்பாள். வாயில் எதையாவது அடக்கிக்கொண்டு ம்ம் என்பாள். அதெல்லாம் எப்போது நின்றது? இப்போது எப்போது கூப்பிட்டாலும் ஒரே "இருக்கேன்மா". ஒரே உயரம். ஒரே நீளம். விளையாட்டை விட்டு வருகிற சலிப்பு இல்லை, ஓடி வந்த மூச்சிரைப்பு இல்லை. மூச்சே இல்லை. எந்தப் பிள்ளை இத்தனை மரியாதையாகப் பதில் சொல்லும்?

ஒரு மத்தியானம் அவன் குளிக்கப் போனபோது, குழந்தையைத் தூக்கி மடியில் உட்கார வைத்து, வாய் நிறைய பிஸ்கட்டைத் திணித்தாள். இரண்டு கன்னமும் உப்பி நின்றன. அந்த வாயையே பார்த்தபடி, நடைப் பக்கம் குரலைத் திருப்பிக் கூப்பிட்டாள்.

"சுண்டு?"

"இருக்கேன்மா."

மடியில் இருந்தவள் குலுங்கிச் சிரித்தாள். பிஸ்கட் தூள் சிதறியது. "நான் சொல்லலையே!"

"யாருடா சொன்னது?" கேட்ட குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அது."

"எது?"

"பின்ரூம்ல இருக்கறது. நான் விளையாடறப்போ நீ கூப்பிட்டுட்டே இருப்பல்ல? நீ போய் விளையாடு, நான் சொல்லிக்கறேன்னு சொல்லிச்சு. நல்லாச் சொல்லுதுல்ல?"

"நீ அப்போ எங்க இருப்பே?"

"வேன்ல. நான் கண்டக்டர்."

"அப்பா கூடவா?"

"அப்பா டீ குடிக்கப் போவாரு. சீக்கிரம் வந்துருவாரு." குழந்தை பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, ரகசியம் சொல்வதுபோல அவள் காதைப் பிடித்து இழுத்தது. "அம்மாகிட்ட சொல்லாதேன்னு அப்பா சொன்னாரு. நீ பயந்துக்குவியாம்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் குளியலறைக் கதவிலேயே நின்றது. பின்னறைப் பக்கம் போகவில்லை.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் துவட்டுவதை நிறுத்தினான். மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"முதல்ல எனக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு," என்றான். "அப்புறம் பழகிடுச்சு."

"பழகிடுச்சா?"

"அது என்ன பண்ணுச்சு சொல்லு. கடிச்சுதா, அடிச்சுதா? கூப்பிட்ட குரலுக்கு இருக்கேன்னு சொல்லுது. நம்ம சொந்தக்காரங்கள்ல ஒருத்தராவது அப்படிச் சொல்லியிருக்காங்களா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "புள்ளை ரோட்டுல வேனுக்குள்ள தனியா கிடந்திருக்கா. நான் இங்க பதில் கேட்டுக்கிட்டு நிம்மதியாத் தைச்சிருக்கேன்."

"ரோடு என்ன ரோடு, வாசல்தானே. எதிர்ல சைக்கிள் கடை அண்ணன் இருக்காரு. பத்து மாசம் அத்தனை பிள்ளைங்க கூச்சலுக்கு நடுவுல ஓட்டறேன். லீவுல நாலு பேரோட உக்காந்து ஒரு டீ குடிச்சா குத்தமா? நீயும் நிம்மதியா இருந்தே, நானும் நிம்மதியா இருந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

வீட்டை மாற்றலாம் என்றாள். பள்ளிக்கூடம் திறக்கட்டும், பார்க்கலாம் என்றான். கடைசியில் அவள் அழுததைப் பார்த்து இறங்கி வந்தான். இனிமேல் சுண்டுவை விட்டு ஒரு அடி நகரமாட்டேன் என்று பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொன்னான். அன்றே அவள் பின்னறையிலிருந்த பாய், பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வீட்டிலேயே குளிர்ச்சியான அறை அதுதான். மூவரும் முன்னறையின் புழுக்கத்தில் படுத்தார்கள். அவன் விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் கூப்பிடுவதை அடியோடு விட்டாள். ஒவ்வொரு காலருக்கும் எழுந்து போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். தையல் கோணியது. கோணட்டும்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மிஷினை நிறுத்தியபோது, மிஷின் நின்ற பிறகும் மிஷின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மெல்லிசாக, யாரோ உதட்டுக்குள் முனகிப் பார்ப்பதுபோல. காது பழுதாகிவிட்டதென்றே நினைத்தாள். அடுத்த நாள், ஒரு நூலைப் பல்லால் கடிக்கும் சத்தம். டக். அவள் கையில் அப்போது கத்தரிக்கோல் இருந்தது. அதற்கும் அடுத்த நாள், வெயில் சுவரெல்லாம் ஊறி இறங்கி, தெருவில் ஒரு ஈ காக்கை அசையாத நேரத்தில், பூட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு தடவை. இன்னொரு தடவை, கொஞ்சம் தாழ்த்தி. சரியாக வரும் வரை.

அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்புவான் என்பது அவளுக்குத் தெரியும். நம்பிவிட்டு, அதனால் என்ன என்று கேட்பான்.

கடைசிக் கட்டுச் சட்டைகளை மறுநாள் கடைக்காரர் எடுத்துப்போக வருவதாக இருந்தது. காலையிலிருந்தே அவள் மிஷினை விட்டு எழ முடியவில்லை. அவனாகவே வந்து, "நீ தை. நான் வேனைக் கழுவித் துடைக்கப் போறேன். பாப்பா என் கூடத்தான்" என்றான். சுண்டு ஒரு பழைய தட்டை ஸ்டீயரிங்போலப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள்.

அந்த வேனைப் பற்றி அவனுக்குப் பெருமை அதிகம். ஓடும்போது எந்த வாலுப் பிள்ளையும் கதவைத் திறந்துவிடக்கூடாதென்று, இழுக்கும் கதவுக்கு உள்ளிருந்து திறக்கவே முடியாத பூட்டை ஆள் வைத்து மாற்றியிருந்தான். பிள்ளைகள் கை வைக்காதபடி டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கம்பி வலை. சன்னல்கள் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இறங்காது. "என் வண்டியில ஏத்திட்டா அப்புறம் பெத்தவங்க கவலையே படவேண்டாம்" என்று எல்லோரிடமும் சொல்வான்.

அவள் ஒருமுறை எழுந்துபோய் வாசல் சன்னல் வழியாகப் பார்த்தாள். வேன் கதவு அகலத் திறந்திருந்தது. அவன் படியில் உட்கார்ந்து பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே சைக்கிள் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியபடி, "என்ன கண்டக்டரம்மா, வண்டி எங்க போகுது?" என்று கேட்டார். "கடலுக்கு!" என்றாள் சுண்டு. "எனக்கு ஒரு சீட்டு போடு. வயசானவன், பாதி டிக்கெட்." "நீங்க குண்டு. ரெண்டு டிக்கெட்!" மூவரும் சிரித்தார்கள். அவளும் சன்னலுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பல நாளுக்குப் பிறகு தையல் நேராக ஓடியது. நிறுத்த மனம் வரவில்லை. கண் முன்னால் அப்பன் இருக்கிறான். ஒரு காலர், இன்னொன்று, இன்னொன்று.

நிழல் சுவரை விட்டு நகர்ந்ததை அவள் பார்க்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது நிமிர்ந்தாள். அவன் மட்டும் வந்தான். கையில் ஐஸ்கிரீம் பொட்டலம், ஓரத்தில் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"சுண்டு எங்க?" என்றான்.

அவள் மிஷினை நிறுத்தினாள். "உங்க கூட இல்ல?"

"நான் வேன் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வரேன், பாத்துக்கோன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன். சரிங்கன்னு சொன்னியே."

"நான் சொல்லலை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பொட்டலத்திலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"இருக்கேன்மா" என்றது பின்னறை.

அவன் முகம் தெளிந்தது. அதை அவள் பார்த்தாள். கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். "ஏ, உள்ளதான் இருக்கா" என்று அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். சாவி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடினாள்.

வாசல். வெயில். கண் கூசியது. வேன் கதவு சாத்தியிருந்தது. புறப்படும் முன் அப்பா சாத்துவதுபோல, கண்டக்டரே இழுத்து, முழுக்க. கைப்பிடி தீயாகச் சுட்டது. இழுத்தாள். வரவில்லை. தோலோடு இழுத்தாள். வந்தது.

உள்ளிருந்து அனல் ஒரு மூச்சுபோல வெளியே வந்தது.

சுண்டு முதல் இருக்கையில், கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். தட்டு மடியில் இருந்தது. கதவை அவள் அடித்துப் பார்த்த மாதிரி இல்லை. வருகிறேன் என்று யாரோ சொல்லியிருந்தால் ஒரு குழந்தை எப்படிக் காத்திருக்குமோ, அப்படிக் காத்திருந்தாள்.

அதன் பிறகு வீடு நிறைய ஆட்கள். யார் யாரோ அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். தைத்து முடித்த சட்டைகளை யாரோ ஓரமாகத் தள்ளினார்கள். சைக்கிள் கடைக்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உள்ளே வரவில்லை.

"எனக்குக் கேட்டுச்சும்மா," என்றார். "ஷட்டரைப் போட்டுட்டுப் படுத்திருந்தேன். அம்மா, கதவு வரலைன்னு பாப்பா கூப்பிட்டா. நான் எந்திரிச்சேன். அதுக்குள்ள, இரு செல்லம், வந்துட்டேன்னு நீ சொன்னே. உன் குரல்தான். அதான் மறுபடி படுத்தேன். அப்புறமும் கூப்பிட்டா. அப்புறமும் நீ பதில் சொன்னே." அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புரியாமை இருந்தது. "ஏம்மா போகலே?"

அவளுடைய அக்கா அவள் தோளில் வைத்திருந்த கையை எடுத்தாள்.

அவள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஒருவனுக்குத் தெரியும். இத்தனை பேரில் அவன் ஒருவன் வாயைத் திறந்தால் போதும். நான் கிளம்பும்போது கேட்டதும் அது, நீங்கள் படுத்துக்கொண்டு கேட்டதும் அது, அவள் இல்லை என்று ஒரு வார்த்தை.

அவன் தன் காலைப் பார்த்தபடி சொன்னான். "நானும் அவகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். சரிங்கன்னு சொன்னா."

ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அக்கா போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அவளைப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு மத்தியானம் விழித்தபோது கழுத்தில் சாவிக் கயிறு இல்லை. முன்னறையில் அவனும் இல்லை. பின்னறைக் கதவு திறந்திருந்தது. நடையில் கால் வைத்ததும், அந்தக் குளிர்ச்சி பாதத்தில் ஏறியது. ஈரச் சிமெண்ட் வாசம். சன்னலுக்குப் போர்வையை அவனே நனைத்து மாட்டியிருந்தான். உள்ளே ஒரே இருட்டு. அவன் வெறுந்தரையில் ஒருக்களித்து, மூலையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"சுண்டு?" என்றான் மெதுவாக.

"இருக்கேன்பா."

அவன் தோள்கள் தளர்ந்தன. தூங்கப் போகிறவனின் தோள்கள் மாதிரி.

அவள் நிலைப்படியில் நின்றாள். போய் அவனைப் பிடித்து இழுக்க வேண்டும். கால் வரவில்லை. அப்போது யாரும் கூப்பிடாமலே அந்தக் குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை அதில் மூச்சு இருந்தது. இரைப்பு இருந்தது. அவள் பெற்ற பிள்ளையின் குரல், அசல்.

"அம்மா, கதவு வரலை."

அவள் உள்ளங்கையை வாயில் அடைத்துக் கடித்தாள். ரத்தம் உப்பாக நாக்கில் பட்டது. வாய் அடைத்திருந்தது. அவளுடைய வாய் அடைத்திருந்தது.

"இரு செல்லம், வந்துட்டேன்" என்றது மூலை. அவள் குரல். அவள் ஒருநாளும் பேசியிராத அத்தனை கனிவோடு.

"சுடுதும்மா."

"வந்துட்டேன். இதோ வந்துட்டேன்."

"அம்மா."

"இதோ."

குழந்தையின் குரல் சிறுத்துக்கொண்டே போய் நின்றது. சன்னலில் தண்ணீர் சொட்டியது. தரையில் கிடந்தவன் கண்ணைத் திறக்காமலே கையை மூலைப் பக்கம் நீட்டினான்.

"அழாதே," என்றான். "அத்தனை பேர் முன்னாடி நான்தான் உன்னை மாட்டிவிட்டுட்டேன். தப்புதான். இங்க வந்து படு."

"ஏங்க" என்றாள் அவள் நிலைப்படியிலிருந்து. ரத்தமும் எச்சிலுமாக வந்த சொல். "ஏங்க, நான் இங்க இருக்கேன்."

அவன் திரும்பவில்லை. கேட்டதாகவே தெரியவில்லை.

"சரிங்க" என்றது அவள் குரல், இருட்டுக்குள்ளிருந்து. ஏதோ ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்து வந்தது. அவன் நீட்டிய கை, வந்ததன்மேல் படிந்து, தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.